பாட்டிக்குப் பரீட்சை வைக்காதீர்கள்



"டீச்சர், அப்பா காலையில சாப்பிட்டதையே மறந்துடறார். ஆனா நாப்பது வருசத்துக்கு முன்னாடி வலை வாங்கின விலையைச் சரியாச் சொல்றார். வேணும்னே நடிக்கிறாரா?"

கருக்களாச்சேரியில் பல வீடுகளில் இப்படிக் கேட்டுவிட்டார்கள். நான் மருத்துவர் இல்லை. படித்தும் கேட்டும் தெரிந்துகொண்டதைச் சொல்கிறேன். அது நடிப்பு இல்லை, நோய்.

மூளையில் ஒரு நரம்பு செல்லுக்கும் அடுத்த செல்லுக்கும் நடுவே சிறு இடைவெளி உண்டு. ஆற்றைக் கடக்கும் தோணி போல, அந்த இடைவெளியில் செய்தியைக் கொண்டுபோவது சில வேதிப்பொருள்கள். அவற்றில் ஒன்று அசிட்டைல்கோலின். கவனத்துக்கும் நினைவுக்கும் இது வேண்டும். அல்சைமர் நோயால் இறந்தவர்களின் மூளையில் இதைத் தயாரிக்கும் நொதி மிகவும் குறைந்திருந்ததை 1976இல் பிரிட்டன் ஆய்வாளர்கள் கண்டார்கள். அமைலாய்டு, டௌ என்னும் புரதங்கள் மூளையில் சேர்கின்றன, செல்கள் அழிகின்றன. புது நினைவைப் பதிக்கும் ஹிப்போகாம்பஸ் பகுதி ஆரம்பத்திலேயே பாதிக்கப்படுகிறது. அதனால் காலையில் தின்ற இட்லி மனதில் பதிவதே இல்லை. வலை விலை எப்போதோ ஆழமாகப் பதிந்துவிட்டது, அதனால் நிற்கிறது.

இது தெரியாமல் நாம் செய்வது என்ன? வருகிறவர் போகிறவர் எல்லாம் "நான் யாரு, சொல்லு பார்ப்போம்" என்று பரீட்சை வைக்கிறோம். எழுதாத சிலேட்டில் விடை தேடினால் கிடைக்குமா? பதில் வராவிட்டால் சிரிக்கிறோம், திட்டுகிறோம். திட்டு வாங்கியது அவர்களுக்கு மறந்துபோகும். ஆனால் அதனால் வந்த வருத்தம் மறதிக்குப் பிறகும் தங்கும் என்று ஆய்வுகள் காட்டுகின்றன.

இன்னொன்று. "ராத்திரி தூங்கட்டும்" என்று மருந்துக்கடையில் நாமே கேட்டு வாங்கும், தூக்கம் வரவைக்கும் பழைய சளி, அரிப்பு மாத்திரைகள் சில, அசிட்டைல்கோலினின் வேலையையே தடுப்பவை. இருக்கிற தோணியையும் கரையில் கட்டிப்போட்ட கதைதான். குழப்பம் கூடும். டோனெபெசில் போன்ற மருந்துகள் செய்வது இதற்கு நேர்மாறு: அசிட்டைல்கோலின் சீக்கிரம் சிதையாமல் காக்கின்றன. நோய் குணமாகாது, சிலருக்குக் கொஞ்ச காலம் உதவும். ஆகவே வீட்டில் உள்ள மாத்திரை எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டு மருத்துவரிடம் காட்டுங்கள். நீங்களாக எதையும் கொடுக்கவும் வேண்டாம், நிறுத்தவும் வேண்டாம்.

"வயசானா அப்படித்தான்" என்றும் விட்டுவிடாதீர்கள். தைராய்டு குறைபாடு, பி12 குறைபாடு, மனச்சோர்வு இவற்றாலும் மறதி வரும். அவற்றுக்குச் சிகிச்சை உண்டு. 2023இல் வெளியான ஆய்வின்படி இந்தியாவில் 60 வயதைத் தாண்டியவர்களில் 7.4 சதவீதம் பேருக்கு, ஏறக்குறைய 88 லட்சம் பேருக்கு, மறதி நோய் இருக்கிறது. மறைக்க இதில் வெட்கம் ஒன்றும் இல்லை.

நம்மூரில் வாசலைத் தாண்டிக் கொஞ்சம் நடந்தால் கடல். தொழிலுக்குப் போகணும் என்று விடியுமுன்னே எழுந்து கிளம்பும் தாத்தா உள்ள வீட்டில் கதவுக்கு ஒரு மணி கட்டுங்கள். சட்டைப்பையில் போன் நம்பர் எழுதிய சீட்டு வையுங்கள். இரவெல்லாம் விழித்துக் காவல் இருக்கும் மருமகளுக்கு மற்றவர்களும் முறை வைத்துத் தோள் கொடுங்கள்.

வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைகளே, அடுத்த வீடியோ காலில் "என்னைத் தெரியுதா?" என்று கேட்காதீர்கள். "பாட்டி, நான் உன் பெரிய மகன் வீட்டுப் பேரன் பேசறேன், சாப்பிட்டியா?" என்று நீங்களே விடையைச் சொல்லிப் பேச்சைத் தொடங்குங்கள். பரீட்சை வைத்துப் பிழைத்த டீச்சரே சொல்கிறேன், இந்தப் பரீட்சை வேண்டாம்.