கம்ப்யூட்டருக்கு ஒரு தனி லைன்: வீண் செலவா, அவசியமா?

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்குபவர்கள் பிராசசர், ராம், ஹார்ட் டிஸ்க், மானிட்டர் என்று கடைக்காரரிடம் பத்துக் கேள்விகள் கேட்கிறார்கள். அவரும் பொறுமையாகப் பதில் சொல்கிறார். ஆனால் அந்தக் கம்ப்யூட்டரை வீட்டில் எந்தப் பிளக்கில் சொருகப் போகிறோம் என்பதை வாங்குபவரும் யோசிப்பதில்லை, விற்பவரும் கேட்பதில்லை.

என் கருத்தை முதலிலேயே சொல்லி விடுகிறேன். 40,000 ரூபாய்க்குக் கம்ப்யூட்டர் வாங்குபவர், அதில் பத்தில் ஒரு பங்கை மெயின் போர்டிலிருந்து தனி லைன் இழுக்க ஒதுக்க வேண்டும். கிராபிக்ஸ் கார்டை அடுத்த வருடம் கூட வாங்கிக் கொள்ளலாம்.

ஒரு ஆம்பியருக்கு எதற்குத் தனி லைன்?

நியாயமான கேள்விதான். சாதாரண வீட்டுக் கம்ப்யூட்டர் மானிட்டருடன் சேர்த்து 150 முதல் 250 வாட் வரைதான் எடுக்கும். 230 வோல்ட்டில் இது ஏறக்குறைய ஒரு ஆம்பியர். அயர்ன் பாக்ஸ் இதைப் போல நான்கு மடங்கு எடுக்கும். எனவே தனி லைன் வேண்டும் என்று சொல்வது கம்ப்யூட்டர் எடுக்கும் கரண்டுக்காக அல்ல. அதே வயரில் தொங்கும் மற்ற சாதனங்களுக்காக.

ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். பழைய வீடுகளில் 1 சதுர மில்லிமீட்டர் வயரே அதிகம். இந்தச் செம்பு வயர் 20 மீட்டர் போய், 20 மீட்டர் திரும்பி வந்தால் அதன் மின்தடை சுமார் 0.7 ஓம். அதே வயரில் அரை ஹெச்பி தண்ணீர் மோட்டாரும் இருக்கிறது என்று வைத்துக் கொள்வோம். ஓடும்போது மூன்று, நான்கு ஆம்பியர் எடுக்கும் அந்த மோட்டார், கிளம்பும் நொடியில் 20 ஆம்பியர் வரை இழுக்கும். வயரிலேயே 14 வோல்ட் காணாமல் போய்விடும். மாலை நேரத்தில் லைனில் ஏற்கெனவே 180 வோல்ட்தான் இருந்தால், கம்ப்யூட்டருக்குக் கிடைப்பது 166. மோட்டார் போட்டவுடன் கம்ப்யூட்டர் ரீஸ்டார்ட் ஆகிறதே, வைரஸாக இருக்குமோ என்று விண்டோஸை மறுபடி இன்ஸ்டால் செய்பவர்கள் உண்டு. வைரஸ் சுவருக்குள் இருக்கிறது!

ஃபைலை ஹார்ட் டிஸ்க்கில் எழுதிக் கொண்டிருக்கும்போது இப்படி நின்றால் அந்த ஃபைல் கெடலாம். சில சமயம் விண்டோஸே எழுந்திருக்காது. பாதி எழுதிய புராஜெக்ட் ரிப்போர்ட், குழந்தையின் போட்டோக்கள் எல்லாம் கடையில் விலைக்குக் கிடைப்பவை அல்ல.

கேபினட்டைத் தொட்டால் சுர்ரென்கிறதா?

தனி லைனை விட முக்கியமானது எர்த். கம்ப்யூட்டருக்குள் இருக்கும் எஸ்எம்பிஎஸ்ஸில் மின் இரைச்சலை வடிகட்டச் சின்னக் கெப்பாசிட்டர்கள் உண்டு. ஃபேஸிலிருந்து ஒன்றும் நியூட்ரலிலிருந்து ஒன்றும் இரும்புக் கேபினட்டோடு இணைந்திருக்கும். எர்த் இருந்தால் அந்தச் சிறு கசிவு பூமிக்குப் போய்விடும். எர்த் இல்லாவிட்டால் கேபினட் ஏறக்குறைய 115 வோல்ட்டில் மிதக்கும். தொடும்போது சுர்ரென்று வருவது இதனால்தான். கம்ப்யூட்டரில் கோளாறு இல்லை. மூன்று பின் பிளக்கில் மேலே இருக்கும் பெரிய ஓட்டைக்குப் பின்னால் வயரே இல்லை என்பதுதான் கோளாறு. ஸ்பைக் பஸ்டரும் முழுப் பாதுகாப்புத் தருவதற்கு எர்த்தைத்தான் நம்பியிருக்கிறது.

சிலர் இதற்குக் குறுக்கு வழி சொல்வார்கள். சாக்கெட்டுக்குள் நியூட்ரலையும் எர்த்தையும் ஒரு துண்டு வயரால் இணைத்து விடுவது! இதை எக்காரணம் கொண்டும் அனுமதிக்காதீர்கள். எங்காவது நியூட்ரல் விட்டுப் போனால் முழு 230 வோல்ட்டும் கேபினட்டுக்கு வந்துவிடும். டெஸ்ட் லேம்ப் வைத்துப் பார்த்தால் எர்த் இருப்பது போலவே பளிச்சென்று எரியும் என்பதால் இது இன்னும் ஆபத்தானது.

எங்கள் திண்டுக்கல் பக்கம் இன்னொரு சிக்கல். மலைக்கோட்டையைப் பார்த்தாலே தெரியும், இது பாறை பூமி. மழையும் குறைவு. காய்ந்த மண்ணிலும் பாறையிலும் எர்த் குழியின் மின்தடை ஏறிவிடும். அது 20 ஓம் என்று வைத்துக் கொள்ளுங்கள். ஃபேஸ் வயர் கேபினட்டில் பட்டால் பூமிக்கு ஓடுவது 230ஐ 20ஆல் வகுத்தால் வரும் 11.5 ஆம்பியர். 16 ஆம்பியர் எம்சிபி இதற்கு விழாது! எர்த் இருக்கிறது, எம்சிபி இருக்கிறது, ஆனாலும் கேபினட் உயிரோடு இருக்கும்.

இதற்குத்தான் ஆர்சிசிபி. ஃபேஸில் போன கரண்டும் நியூட்ரலில் திரும்பிய கரண்டும் சமமாக இல்லையென்றால் அது கண் இமைக்கும் நேரத்தில் விழுந்துவிடும். வீடுகளுக்கு 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி. மத்திய மின்சார ஆணையத்தின் பாதுகாப்பு விதிகளிலேயே இந்த அளவு சொல்லப்பட்டிருக்கிறது.

செலவு எவ்வளவு?

மெயின் போர்டிலிருந்து கம்ப்யூட்டர் மேஜைக்கு 15 மீட்டர் என்று வைத்துக் கொள்வோம். ஃபேஸ், நியூட்ரல், எர்த் மூன்றும் சேர்த்து 45 மீட்டர் வயர். 2.5 சதுர மி.மீ. செம்பு வயர், ஐஎஸ்ஐ முத்திரையுடன், மீட்டர் 40 ரூபாய் என்றால் 1,800 ரூபாய். எம்சிபி, சாக்கெட், பெட்டி, பைப் ஆகியவற்றுக்குச் சுமார் 1,000. எலக்ட்ரீஷியன் கூலி 1,000 முதல் 1,500 வரை. ஆக 4,000 ரூபாயைச் சுற்றி வரும். செம்பு விலை ஏறினால் இதுவும் ஏறும் என்பதால் அன்றைய விலையைக் கேட்டுக் கொள்ளுங்கள்.

ஆர்சிசிபிக்குச் சுமார் 2,000 ரூபாய் ஆகும். புதிய எர்த் குழிக்கு, பாறை எவ்வளவு ஆழத்தில் இருக்கிறது என்பதைப் பொறுத்து 2,000 முதல் 4,000 வரை போகலாம். இவை இரண்டையும் கம்ப்யூட்டர் கணக்கில் எழுதாதீர்கள். கிரைண்டர், ஃபிரிட்ஜ், வாட்டர் ஹீட்டர் என வீட்டில் எல்லாவற்றுக்கும், வீட்டில் எல்லோருக்கும் அதுதான் காவல்.

வேலை நடக்கும்போது மூன்று விஷயங்களைக் கவனியுங்கள். முதலாவது, நியூட்ரலும் மெயின் போர்டிலிருந்தே தனியாக வர வேண்டும். ஃபேஸை மட்டும் புதிதாக இழுத்து, நியூட்ரலை அறையில் இருப்பதோடு முறுக்கி விட்டால் அது தனி லைன் அல்ல. இரண்டாவது, எர்த் வயர் மெயின் போர்டின் எர்த்தில் போய்ச் சேர்வதைக் கண்ணால் பாருங்கள். மூன்றாவது, உரிமம் உள்ளவரிடம் வேலையைக் கொடுங்கள். மீட்டர் சீலில் யாரும் கை வைக்கக் கூடாது.

தனி லைன் செய்யாத வேலைகள்

தனி லைன் எல்லா நோய்க்கும் மருந்து அல்ல. வேடசந்தூர், ஒட்டன்சத்திரம் பக்கத்துக் கிராமங்களில் தோட்டத்து மோட்டார்கள் ஓடும் நேரத்தில் தெரு லைனிலேயே வோல்டேஜ் இறங்கிவிடும். அதை உங்கள் வீட்டு வயர் சரி செய்யாது. அங்கே ஸ்டெபிலைசர் உள்ள யூபிஎஸ் வேண்டும். கரண்டே இல்லாதபோதும் யூபிஎஸ்தான் கை கொடுக்கும். 2012இல் வெளி மாவட்டங்களில் நாளுக்குப் பல மணி நேரம் மின்வெட்டு இருந்ததை நாம் மறக்கவில்லை. சித்திரை மாதத்து இடி மின்னலுக்கோ பிளக்கையும் இன்டர்நெட் கேபிளையும் கழற்றி வைப்பதைத் தவிர வேறு வழியில்லை.

வாடகை வீட்டில் இருப்பவர்கள் சுவரை உடைக்க முடியாது. சுவரின் மேல் பிவிசி கேசிங் ஒட்டி லைன் இழுக்கலாம். காலி செய்யும்போது வயரையும் எம்சிபியையும் எடுத்துக் கொண்டு போகலாம். எர்த் குழிச் செலவை மட்டும் வீட்டுக்காரரிடம் பேசிப் பாருங்கள். வீடு அவருடையது, எர்த்தும் அவருடையதுதான்.

திண்டுக்கல் பூட்டுக்கு 2019இல் புவிசார் குறியீடு கிடைத்தது. வாசல் கதவுக்கு நல்ல பூட்டுப் போட நம் ஊரில் யாரும் யோசிப்பதில்லை. வீட்டுக்குள் வரும் மின்சாரத்துக்கு மட்டும் ஏன் இந்தக் கஞ்சத்தனம்?

கம்ப்யூட்டர் விற்பவர்களுக்கும் ஒரு வேண்டுகோள். வீட்டில் வந்து இன்ஸ்டால் செய்யும்போது பவர் பட்டனை அழுத்துவதற்கு முன்னால் அந்தச் சாக்கெட்டில் எர்த் இருக்கிறதா என்று சோதித்துச் சொல்லுங்கள். ஐந்து நிமிட வேலை. எர்த் இல்லையென்றால் "முதலில் எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள், பிறகு நான் வருகிறேன்" என்று சொல்லும் கடைக்காரரிடம்தான் நான் என் நண்பர்களை அனுப்புவேன்.