வெந்நீரில் தொடங்கட்டும்

பழனியிலும் ராமேசுவரத்திலும் லாட்ஜ் அறைக் கதவுக்குப் பின்னால் ஓர் அட்டை தொங்கும்: ‘வெந்நீர் காலை 5 முதல் 8 வரை.’ அந்த மூன்று மணி நேரத்துக்காக அறைக்கு அறை கீசர் ஓடுகிறது. மொட்டைமாடியிலோ பகல் முழுக்கக் கொளுத்தும் வெயிலில் படுக்கை விரிப்புகள் மட்டும் காய்கின்றன.

100 லிட்டர் தண்ணீரை 30 டிகிரி சூடேற்ற ஏறத்தாழ மூன்றரை யூனிட் மின்சாரம் வேண்டும். நம் நாட்டில் ஒரு யூனிட்டுக்குச் சுமார் 700 கிராம் கரியமில வாயு வெளியாகிறது. அறைக்கு 100 லிட்டர் என்று வைத்தாலே, 40 அறை கொண்ட விடுதி தினமும் 100 கிலோவைக் காற்றில் கலக்கிறது. குளிப்பதற்கு மட்டும் இவ்வளவு!

இதைக் குறைக்கும் பிடி நகராட்சியிடமே இருக்கிறது. பார்சிலோனா மாநகராட்சி 2000-லேயே, புதிய கட்டடங்கள் வெந்நீர்த் தேவையில் 60 விழுக்காட்டைச் சூரிய வெப்பத்திலிருந்து பெற வேண்டும் என்ற விதியை நடைமுறைக்குக் கொண்டுவந்தது. தமிழகக் கட்டட விதிகளிலும் சூரிய வெந்நீருக்கு இடம் உண்டு. பணிநிறைவுச் சான்று தருமுன் பொறியாளர் மாடி ஏறிப் பார்த்தால்தான் அந்த விதிக்கு உயிர்.

பழைய லாட்ஜுகளில்தான் சிக்கல். பல விடுதிகள் குத்தகையில் நடக்கின்றன. கரன்ட் பில் கட்டுபவர் குத்தகைதாரர். மாடிக்குச் சொந்தக்காரர் வேறொருவர். மூன்று வருடக் குத்தகைக்காரர் அடுத்தவர் மாடியில் ஏன் பணம் போடுவார்? பில் குறைவதால் உரிமையாளருக்குத்தான் என்ன லாபம்? இந்த முடிச்சை அவிழ்க்கக்கூடியது சொத்து வரி. அதைக் கட்டுபவர் உரிமையாளர். புணே மாநகராட்சி சூரிய சக்தி, மழைநீர் சேகரிப்பு போன்ற ஏற்பாடுகளுக்கு 5 முதல் 10 விழுக்காடு வரிச் சலுகை தந்திருக்கிறது. நம் ஊர்களிலும் அதைத் தரலாம்.

வருவாய் குறையுமே என்ற கவலை நியாயமானது. சலுகையை ஐந்து ஆண்டுகளோடு நிறுத்திக்கொள்ளலாம். உரிமம் புதுப்பிக்கும்போது ஓராண்டு மின்கட்டண ரசீதைக் கேட்டு வாங்கினால், எந்த விடுதி எவ்வளவு செலவழிக்கிறது என்பதும் தெரிந்துவிடும். மேகம் சூழ்ந்த உதகைக்கும் கொடைக்கானலுக்கும் சூரிய வெந்நீருக்குப் பதிலாக, காற்றின் வெப்பத்தைக் கொண்டு நீரைச் சூடாக்கும் ஹீட் பம்ப் பொருந்தும். கீசர் இழுக்கும் மின்சாரத்தில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு அதற்குப் போதும்.

இந்த நான்கு ஊர் நகர்மன்றங்களும் வரும் பட்ஜெட் கூட்டத்திலேயே இந்த வரிச் சலுகைக்குத் தீர்மானம் நிறைவேற்ற வேண்டும். மாநில அரசு தாமதிக்காமல் ஒப்புதல் தர வேண்டும்.