பயிற்றுநரை மாற்றினால் போதுமா?



"எந்நேரமும் காற்பந்துப் பேச்சுத்தான், படிப்பில் கவனமே இல்லை" என்று பெற்றோர் சந்திப்பு நாளில் குறைபட்டுக்கொள்ளும் தாய்மார்கள் ஆண்டுக்கு ஐந்தாறு பேராவது இருக்கிறார்கள். பிள்ளை தொடக்கநிலை ஆறாம் வகுப்பில் இருந்தால் இந்தக் குறை இன்னும் கூடும். தேர்வு முடியும் வரை ஆட்டம் பார்க்கத் தடை. சில வீடுகளில் அதைப் பற்றிப் பேசவும் தடை. ஆட்டம் பார்க்கும் நேரத்தைக் குறைப்பதில் எனக்கு மறுப்பில்லை. பேச்சைத் தடுப்பதைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை. அந்தப் பேச்சு தமிழில் நடக்குமானால், அதைத் தடுப்பது கையில் இருக்கும் நல்ல பாடத்தைக் குப்பையில் போடுவதற்குச் சமம் என்பது என் கருத்து.

காற்பந்து இரசிகர்கள் ஓயாமல் வாதிடுவது மூன்று செய்திகளைப் பற்றி. தரவரிசையில் நம் அணி எங்கே இருக்கிறது, நமக்குப் பரம எதிரி யார், பயிற்றுநரை மாற்ற வேண்டுமா வேண்டாமா. உலகின் எந்த மூலைக்குப் போனாலும் இவைதாம். அமெரிக்காவில் கல்லூரி அணிகளுக்காக அடித்துக்கொள்கிறார்கள். நாம் தேசிய அணிக்காகவும், அதைவிட அதிகமாக இங்கிலாந்து மன்றங்களுக்காகவும் அடித்துக்கொள்கிறோம். (லிவர்பூலுக்கும் மான்செஸ்டர் யுனைடெட்டுக்கும் நமக்கும் என்ன உறவு என்று என்னைக் கேட்காதீர்கள். எனக்கும் தெரியாது.)

இந்தப் பேச்சு நம் வட்டாரத்திற்குப் புதிதன்று. 1929இல் திறக்கப்பட்ட ஜாலான் புசார் விளையாட்டரங்கம் சிராங்கூன் சாலையிலிருந்து நடந்து போகும் தூரத்தில்தான் இருக்கிறது. ஒரு காலத்தில் குதிரைப் பந்தயத் திடலாக இருந்து பிறகு காற்பந்துத் திடலான ஃபேரர் பார்க்கும் பக்கத்தில்தான். நம் பிள்ளைகள் தமிழ் படிக்கச் செல்லும் உமறுப் புலவர் தமிழ்மொழி நிலையமும் அதே வட்டாரத்தில், பீட்டி சாலையில் இருக்கிறது. தேக்காக் கோப்பிக்கடைகளில் நம் தாத்தாக்கள் மலேசியக் கிண்ணத்தைப் பற்றித் தமிழில்தான் சண்டை போட்டார்கள்.

அந்தக் கிண்ணத்தின் கதையைப் பிள்ளைகளுக்குச் சொல்லிப் பாருங்கள், கண் இமைக்காமல் கேட்பார்கள். 1921இல் மலாயாக் கிண்ணம் என்ற பெயரில் அது தொடங்கியபோது முதல் இறுதியாட்டத்தில் சிலாங்கூரை 2-1 என்று வென்றது சிங்கப்பூர். ஐம்பத்தொன்பது ஆண்டுகள் கழித்து, 1980இல், அதே சிலாங்கூரை இறுதியாட்டத்தில் அதே 2-1 கணக்கில் வென்றோம். 1977இல் 'அங்கிள் சூ' என்று அழைக்கப்பட்ட சூ செங் குவீயின் பயிற்சியில் பினாங்கை 3-2 என்று வீழ்த்தினோம். 1994இல் ஷா ஆலமில் பாகாங்கை 4-0 என்று வென்று கிண்ணத்தை இருபத்து நான்காவது முறையாகக் கொண்டுவந்தோம். அதற்கு மறு ஆண்டே மலேசியப் போட்டிகளிலிருந்து விலகினோம். 1996இல் எஸ்-லீக் பிறந்தது. பாலத்திற்கு அந்தப்பக்கத்து எதிரி இல்லாமல் போனதும் காலாங்கின் ஆரவாரமும் குறைந்துவிட்டது என்று முதியவர்கள் இன்றும் சொல்வார்கள். எதிரி இருந்தால்தான் ஆட்டம் சூடு பிடிக்கும் என்பது அவர்கள் கட்சி. அன்னியர் அணிகளோடு மோதுவதைவிட உள்ளூர்ப் போட்டியை வளர்ப்பதே முறை என்பது மறுகட்சி. இரண்டிலும் நியாயம் உண்டு. பட்டிமன்றத்திற்கு இதைவிடப் பொருத்தமான தலைப்பு வேண்டுமா?

அந்தக் கதையில் நம் பெயர்களும் நிறையவே உண்டு. எழுபதுகளில் பந்தை வளைத்து அடிப்பதற்குப் பெயர் பெற்ற எஸ். ராஜகோபால், எண்பதுகளிலும் தொண்ணூறுகளிலும் பார்வையாளர்களைக் கட்டிப்போட்ட வி. சுந்தரமூர்த்தி, 1998இல் ஹனோயில் நடந்த டைகர் கிண்ண இறுதியாட்டத்தில் வியட்னாமுக்கு எதிராக ஒரே கோலைப் போட்ட ஆர். சசிகுமார். அந்தக் கோல் காலிலிருந்தும் போகவில்லை, தலையிலிருந்தும் போகவில்லை. தோள்பட்டைப் பக்கம் பட்டு உள்ளே போனது! சிங்கப்பூருக்கு முதல் தென்கிழக்காசியப் பட்டத்தைத் தந்தது அதுதான். இந்தப் பெயர்களை அறியாத நம் மாணவர்கள் ஐரோப்பிய ஆட்டக்காரர்கள் பதினொருவரின் பெயரையும் மூச்சு விடாமல் ஒப்பிக்கிறார்கள்.

2025 அக்டோபரில் ஆசியக் கிண்ணத் தகுதிச் சுற்றில் சிங்கப்பூரும் இந்தியாவும் மோதின. 9ஆம் தேதி இங்கே தேசிய விளையாட்டரங்கில் 1-1 சமநிலை. 14ஆம் தேதி கோவாவின் மட்காவ் நகரில் முதலில் கோல் வாங்கிய பிறகு, சோங் உய்யோங் போட்ட இரண்டு கோல்களால் சிங்கப்பூர் 2-1 என்று வென்றது. அந்த வாரத்தில் என் வகுப்பறை எப்படி இருந்திருக்கும் என்று ஊகித்துப் பாருங்கள். இங்கேயே மூன்று தலைமுறையாக வாழும் குடும்பத்துப் பிள்ளைகளும் இருக்கிறார்கள், சில ஆண்டுகளுக்கு முன்பு திருச்சியிலிருந்தும் மதுரையிலிருந்தும் வந்த குடும்பத்துப் பிள்ளைகளும் இருக்கிறார்கள். "உன் அணி எது?" என்ற கேள்வி எழுந்தவுடன் வகுப்பு இரண்டாகப் பிரிந்தது. ஆங்கிலத்தில் தொடங்கிய சண்டையைத் தமிழுக்கு மாற்றச் சொன்னேன். முதல் ஐந்து நிமிடம் தடுமாற்றம். "டிஃபென்ஸ் வீக் சார்" என்ற அளவில்தான் பேச்சு நின்றது. "ஏன் அப்படிச் சொல்கிறாய்?" என்று கேட்கக் கேட்க, "ஏனென்றால்", "ஆனாலும்", "ஒருவேளை", "நீ சொல்வது சரிதான், ஆனால்" என்ற சொற்களெல்லாம் தாமாக வந்தன. வாய்மொழிப் பயிற்சியில் இந்த இணைப்புச் சொற்களைத் தாளில் அச்சடித்துக் கொடுத்து மனப்பாடம் செய்யச் சொல்கிறோம். அங்கே வராதவை இங்கே வந்தன. காரணம் எளிது. சுற்றுப்புறத் தூய்மை பற்றி எந்தப் பிள்ளைக்கும் எதிர்க்கட்சி கிடையாது.

2020ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி, வீட்டில் மிக அதிகமாகத் தமிழ் பேசும் சிங்கப்பூர்வாசிகள் 2.5 விழுக்காட்டினர். ஆங்கிலம் 48.3 விழுக்காடு. இந்த எண்ணைப் பார்த்துக் கவலைப்படுகிறோம், ஏப்ரல் மாதம் தமிழ்மொழி விழா கொண்டாடுகிறோம், நல்லதுதான். ஆனால் தமிழைப் பண்டிகைக்கும் தேர்வுக்கும் ஒதுக்கிவிட்டு, பிள்ளை உண்மையில் கோபப்படுகிற, மகிழ்கிற, அடித்துப் பேசுகிற செய்திகளையெல்லாம் ஆங்கிலத்திற்கு விட்டுவிட்டோம் என்றே எனக்குத் தோன்றுகிறது. சண்டை போட உதவாத மொழியில் பிள்ளை எத்தனை நாள் பேசும்?

தரவரிசைக்கு வருகிறேன். பெற்றோர்கள் குறிப்பாகக் கவனிக்க வேண்டிய இடம் இது.

1993 ஆகஸ்டில் ஃபிஃபா தரவரிசையில் சிங்கப்பூர் 73ஆவது இடத்தில் இருந்தது. நாம் எட்டிய மிக உயர்ந்த இடம் அதுதான். பிறகு 170ஐயும் தாண்டிக் கீழே போனோம். ஆயினும் 2012இல் தென்கிழக்காசியப் பட்டத்தை வென்றபோது நம் இடம் 150க்கும் கீழேதான். கோவாவில் நாம் வென்ற இந்தியாவோ தரவரிசையில் நம்மைவிட இருபது இடங்களுக்கும் மேலே இருந்தது. அப்படியானால் அந்த எண் எதைச் சொல்கிறது? 2018 முதல் பின்பற்றப்படும் கணக்கின்படி, யாரோடு ஆடினோம், எவ்வளவு முக்கியமான ஆட்டம் என்பவற்றைப் பொறுத்துப் புள்ளிகள் கூடும் அல்லது குறையும். நட்புமுறை ஆட்டத்தைவிடத் தகுதிச் சுற்று ஆட்டத்திற்கு எடை அதிகம். வலிய அணியை வென்றால் அதிகப் புள்ளி. எளிய அணியை வென்றால் சொற்பம். இதைத் தொடக்கநிலை ஐந்து மாணவர்களுக்கு விளக்கினால் புரிந்துகொள்கிறார்கள். "அப்போ சும்மா ஆடுகிற ஆட்டத்தில் தோற்றால் பரவாயில்லையா?" என்று ஒரு மாணவி கேட்டாள். நல்ல கேள்வி. பெரியவர்கள் பலர் அந்த எண்ணைப் பார்த்தவுடன் தலையில் கைவைப்பார்களே தவிர, இப்படிக் கேட்கமாட்டார்கள்.

ஏனெனில் நமக்கு எண் பிடிக்கும். 1992இல் உயர்நிலைப் பள்ளிகளின் தரவரிசை வெளியிடப்படத் தொடங்கியது. 2004இல் துல்லியமான வரிசையை விட்டு, பள்ளிகளை அடுக்குகளாகப் பிரித்தார்கள். 2012இல் அதையும் கைவிட்டார்கள். அதே ஆண்டு முதல் தொடக்கப்பள்ளி இறுதியாண்டுத் தேர்வில் முதலிடம் பெற்ற மாணவர்களின் பெயரை அறிவிப்பதும் நின்றது. 2019 முதல் மதிப்பீட்டு அறிக்கையில் வகுப்பில் எத்தனையாவது இடம் என்பது அச்சிடப்படுவதில்லை. 2021இல் பழைய ஒட்டுமொத்தப் புள்ளி முறையும் போய்விட்டது. இவ்வளவு நீக்கிய பிறகும், அறிக்கையை என் கையிலிருந்து வாங்கிய மறுநொடியே, "மற்ற பிள்ளைகள் எப்படி?" என்று தாழ்ந்த குரலில் கேட்கும் பெற்றோர்கள் இருக்கிறார்கள். கல்வி அமைச்சு அடித்துவிட்ட எண்ணை நாம் பென்சிலால் மீண்டும் எழுதிக்கொள்கிறோம்.

தரவரிசை சரிந்தால் இரசிகர்களின் அடுத்த முழக்கம் என்ன? பயிற்றுநரை மாற்று!

2003 முதல் 2012 வரை ஒன்பது ஆண்டுகளுக்கும் மேலாக ராடோய்கோ அவ்ரமோவிச் ஒருவரே நம் தேசியப் பயிற்றுநராக இருந்தார். 2004, 2007, 2012 ஆகிய மூன்று ஆண்டுகளில் தென்கிழக்காசியப் பட்டம் கிடைத்தது. இடையில் அவரை விலக்கச் சொன்னவர்கள் இல்லாமலில்லை. அவருக்குப் பிறகு பெர்ன்ட் ஸ்டாங்க, வி. சுந்தரமூர்த்தி, இடைக்காலமாக ஃபாண்டி அகமது, தாட்சுமா யோஷிடா, தாக்கயூக்கி நிஷிகாயா, சுத்தோமு ஒகுரா என்று 2013 முதல் 2025 வரை ஆறு பேர். ஒரு பட்டமும் இல்லை. இத்தோடு நிறுத்தினால் என் கட்சி வென்றுவிடும். ஆனால் 2025 ஜூனில் ஒகுரா விலகிய பின் இடைக்காலமாகப் பொறுப்பேற்ற கேவின் லீயின்கீழ், நவம்பர் 18ஆம் தேதி ஹாங்காங்கில் 2-1 என்று வென்று 2027 ஆசியக் கிண்ணத்திற்குத் தகுதி பெற்றோம். 1984இல் ஏற்று நடத்திய நாடு என்பதால் இடம் கிடைத்தது. ஆடி வென்று தகுதி பெற்றது இதுவே முதல் முறை. எனவே மாற்றமும் பலன் தரும் என்று எதிர்க்கட்சியினர் சொல்லலாம். ஆனால் அவர் வெளியிலிருந்து புதிதாக வந்தவர் அல்லர், அதே அணியில் துணைப் பயிற்றுநராக இருந்தவர், ஆட்டக்காரர்களை அறிந்தவர் என்று நான் மறுமொழி சொல்வேன். இப்படித்தான் வாதம் வளர வேண்டும்.

துணைப்பாட ஆசிரியரை மாற்றும் வீடுகளில் இந்த அளவு வாதம்கூட நடப்பதில்லை. ஒரு தேர்வில் பத்து மதிப்பெண் குறைந்தால் அடுத்த மாதம் வேறு துணைப்பாட நிலையம். அங்கே முதல் இரண்டு மாதம் பிள்ளையின் பலம், பலவீனம் அறியவே போய்விடும். மறுபடியும் தேர்வு, மறுபடியும் மாற்றம். ஓராண்டில் மூன்று துணைப்பாட ஆசிரியர்களைக் கண்ட ஒரு மாணவனை எனக்குத் தெரியும். மூவரும் முதல் பாடத்தில் அவனுக்கு வேற்றுமை உருபைத்தான் கற்றுக்கொடுத்தார்கள். அவனுக்கு அது நன்றாகவே வரும். அவன் தடுமாறுவது எதைச் சொல்லவேண்டும் என்று தெரியாத கட்டுரையில். அதுவரை யாரும் போய்ச் சேரவில்லை. மாற்றவே கூடாது என்று நான் சொல்லவில்லை. பிள்ளை அஞ்சி நடுங்கும் ஆசிரியரிடமிருந்து உடனே மாற்றுங்கள். மதிப்பெண் ஒன்றுக்காக என்றால், பிள்ளையிடம் ஒரு வார்த்தை கேட்ட பிறகு மாற்றுங்கள். பயிற்றுநரை மாற்றும்போது ஆட்டக்காரரின் கருத்தைக் கேட்காத சங்கத்தை நாம் எவ்வளவு திட்டுகிறோம்!

இரசிகர்களின் பேச்சில் எனக்குப் பிடிக்காதவையும் உண்டு. தோற்ற மறுநாள் பயிற்றுநரின் இனத்தையும் நாட்டையும் இழுத்துத் திட்டுவது, கோல் விட்ட காப்பாளரின் குடும்பத்தைப் பழிப்பது. பிள்ளைகள் அதையும் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறார்கள். என் வகுப்பில் ஒரே விதி: ஆட்டத்தைத் திட்டலாம், ஆளைத் திட்டக்கூடாது, திட்டினால் காரணம் சொல்ல வேண்டும்.

வீட்டில் செய்வதற்குப் பெரிய ஏற்பாடு எதுவும் தேவையில்லை. அடுத்த முறை சிங்கப்பூர் ஆடும்போது தந்தையோ தாத்தாவோ பக்கத்தில் உட்காருங்கள். இடைவேளையில் தொலைக்காட்சியின் ஒலியைக் குறைத்துவிட்டு, "நீ பயிற்றுநராக இருந்தால் இப்போது யாரை வெளியே எடுப்பாய், ஏன்?" என்று தமிழில் கேளுங்கள். 'கோல்', 'பெனால்டி', 'ஆஃப்சைடு' எல்லாம் அப்படியே இருக்கட்டும், அவற்றைத் திருத்திக்கொண்டிருக்க வேண்டாம். பிள்ளை சொல்லும் பதிலை ஒப்புக்கொள்ளவும் வேண்டாம், எதிர்த்துப் பேசுங்கள். பதினைந்து நிமிட இடைவேளை அதற்குத் தாராளமாகப் போதும்.