லெக்டினைத் தவிர்க்கச் சொல்பவர்கள் கல்லீரலை என்ன செய்வார்கள்?

"லெக்டின் என்பது செடிகள் வைத்திருக்கும் நஞ்சு, பருப்பு, தக்காளி, கத்தரிக்காய் எல்லாவற்றையும் விட்டுவிடுங்கள்" என்று யூடியூபில் ஓயாத பிரசாரம். 2017இல் அமெரிக்க இதய அறுவை மருத்துவர் ஸ்டீவன் கண்ட்ரி எழுதிய நூல் அதற்கு வேகம் கொடுத்தது.

லெக்டின் என்பது சர்க்கரையைப் பற்றிப் பிடிக்கும் புரதம். அது செடிகளுக்கு மட்டும் உரியது என்பதே முதல் தவறு. 1960களில் ஆஷ்வெல், மோரல் என்ற ஆய்வாளர்கள், செம்பு ஏந்தும் ஒரு ரத்தப் புரதத்தின் சர்க்கரைச் சங்கிலி நுனியிலுள்ள சியாலிக் அமிலத்தை நறுக்கிவிட்டு, அதை முயலுக்குச் செலுத்தினார்கள். சில நிமிடங்களில் கல்லீரல் அதை விழுங்கிவிட்டது. நுனி போனதும் வெளிப்பட்ட காலக்டோசைப் பிடித்தது கல்லீரல் செல்லின் மேலிருந்த லெக்டின். பாலூட்டிகளில் முதலில் அறியப்பட்டது அதுதான். கொழுப்பைக் குறைக்கும் இன்கிளிசிரான் மருந்து இன்று கல்லீரலுக்குள் நுழைவதும் அதே பிடியை நம்பித்தான்.

"எந்தச் செல்லிலும் ஒட்டிக்கொள்ளும்" என்பது அடுத்த பயமுறுத்தல். நம் ரத்தத்திலேயே ஓடும் மேனோஸ் பிணைப்பு லெக்டினைப் பாருங்கள். சர்க்கரையின் 3ஆம், 4ஆம் கார்பன்களிலுள்ள ஹைட்ராக்சில்கள் வளையத்தின் தளத்தையொட்டி நீண்டிருந்தால்தான் அதன் கால்சியம் அயனிக்குப் பிடி கிடைக்கும். மேனோசில் அப்படித்தான்; காலக்டோசில் 4ஆவது செங்குத்தாக நிற்கிறது. 1992இல் டிரிக்காமர் என்ற ஆய்வாளர் இந்தப் புரதத்தில் இரண்டே அமினோ அமிலங்களை மாற்றினார். உடனே அது காலக்டோசை நாடியது! அவ்வளவு கறார். போதாக்குறைக்கு, ஒற்றைச் சர்க்கரையின் மேல் பிடி மிகப் பலவீனம். பல தலைகள் சேர்ந்து பிடித்தால்தான் உறுதி. ஈஸ்டின் மேற்பரப்பில் மேனோஸ் நெருங்கி நிற்பதால் மாட்டிக்கொள்கிறது. நம் செல்களின் சங்கிலிகள் பெரும்பாலும் சியாலிக் அமிலத்திலோ காலக்டோசிலோ முடிகின்றன, தப்பிவிடுகின்றன.

ஒட்டினாலே கேடு என்பதும் நிற்காது. ரத்தக் குழாய்ச் சுவரிலுள்ள செலக்டின் என்ற லெக்டின்தான் வெள்ளணுக்களைப் பிடித்து, வேகம் குறைத்து, தொற்றுள்ள இடத்தில் இறங்க வழிசெய்கிறது. அது பற்றும் ஃபியூகோஸ் சர்க்கரையைச் சரியாகச் சேர்க்க இயலாமல் பிறக்கும் குழந்தைகளுக்குத் தொற்று திரும்பத் திரும்ப வருகிறது.

ராஜ்மா விஷயத்தில் மட்டும் எச்சரிக்கை நியாயமே. பச்சையாகவோ அரைவேக்காடாகவோ தின்றால் வாந்தி, வயிற்றுப்போக்கு வரலாம். கொதி வராத மெதுசூடு போதாது. ஊறவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டி, புதுத் தண்ணீரில் அரைமணி நேரம் நன்றாகக் கொதிக்கவிட்டால் அதிலுள்ள லெக்டின் குலைந்துவிடும். குக்கரில் குழைய வேகும் துவரம்பருப்பை இந்தப் பட்டியலில் சேர்த்தவர்களுக்குச் சமையலறைப் பழக்கம் இல்லை போலிருக்கிறது.