நீ பாட்டுக்கு, நான் பாட்டுக்கு

ஆரம்பாக்கத்தை ஒட்டிப் பழவேற்காடு ஏரிக்கரையில் இருக்கும் குப்பங்களில் 'பாடு' என்றால் மீன்தான் முதலில் நினைவுக்கு வரும். "இன்னிக்குப் பாடு எப்படி?" என்றால் வலையில் என்ன விழுந்தது என்று கேள்வி. எந்த இடத்தில் யார் எந்த நாள் வலை கட்டுவது என்று சீட்டுப் போட்டு முறைவைக்கும் ஏரியின் பழைய ஏற்பாட்டுக்கும் பாடு என்றே பெயர். இந்த இரண்டு பொருளையும் அகராதியில் எழுதிவிடலாம், சிக்கலில்லை.

ஆனால் ஏரி கடலைச் சேரும் முகத்துவாரம் மண்மூடிய நாளில் ஒருவர், "கடல் பாட்டுக்குக் கடல் கிடக்கு, ஏரி பாட்டுக்கு ஏரி கிடக்கு" என்று அலுத்துக்கொண்டால்? இந்தப் 'பாட்டுக்கு' எங்கே போய்ச் சேரும்? 'நீ பாட்டுக்குப் பேசிக்கிட்டே போறியே' என்கிறோம். இலக்கணப்படி அந்த 'நீ', 'உன்' ஆகியிருக்க வேண்டும். ஆகவில்லை, யாரும் தப்பென்றும் சொல்வதில்லை. முன்னால் மழை, மாடு, மருமகன் என்று எதையும் நிறுத்தலாம். 'பாட்டுக்கு' மட்டும் நகராது; 'பாட்டால்', 'பாட்டை' என்று மாற்றினால் வழக்கே செத்துவிடும். பாதி சொல், பாதி விதி.

'இந்த வருஷம் இறால் கை கொடுத்துச்சு' என்பதையும் பாருங்கள். கை கொடுக்கும், கை கொடுக்கல என்று காலமும் எதிர்மறையும் தாராளமாக வரும். ஓர் 'ஐ' சேர்த்து 'இறால் கையைக் கொடுத்துச்சு' என்றால் இறாலுக்குக் கை முளைத்துவிடும். 'எங்க வயித்துல அடிக்காதீங்க' என்பதில் வயிறு யாருடையதாகவும் இருக்கலாம். ஆனால் வயிற்றுக்குப் பதில் முதுகு வந்தால் அது வெறும் அடிதடி.

சொற்கள் அகராதியில், வாக்கியங்கள் விதிகளில் என்று பிரித்துவைத்த மேலை மொழியியலுக்கும் இது தலைவலிதான். மரபுத்தொடரை நீளமான ஒற்றைச் சொல்லாக எண்ணிப் பட்டியலில் தள்ளிவிடலாம் என்று பார்த்தார்கள். அது உள்ளுக்குள் அசைந்துகொண்டே இருந்தது. எது எவ்வளவு அசையும் என்று 1970இல் புரூஸ் ஃபிரேசர் படிநிலை வகுத்தார். 1988இல் ஃபில்மோர், கே, ஓ'கானர் மூவரும் ஆங்கிலத்தின் 'லெட் அலோன்' என்ற ஒரே தொடரைக் குடைந்து எழுதிய கட்டுரை, அகராதிக்கும் இலக்கணத்துக்கும் நடுவே சுவரே இல்லை என்ற கட்சிக்கு வலுச் சேர்த்தது. நான் அந்தக் கட்சி.

நம் பவணந்தியார் 13ஆம் நூற்றாண்டிலேயே வழக்குக்கும் மரபுக்கும் நன்னூலில் இடம் கொடுத்தவர். உயர்ந்தோர் சொன்னபடி சொல்வதே மரபு என்பது அவர் கொள்கை. வலை கட்டுகிறவரையும் அந்த உயர்ந்தோரில் சேர்த்துக்கொள்ள அவருக்கு ஆட்சேபம் இருந்திருக்காது என்று நானாக நினைத்துக்கொள்கிறேன்.

பள்ளியிலோ மரபுத்தொடர் என்றால் 'பொருத்துக'. கை கொடுத்தல் என்றால் உதவுதல் என்று கோடு போட்டால் மதிப்பெண் வந்துவிடும். அந்தக் கோட்டில் 'ஐ' பற்றிய சேதி கிடையாது. தமிழாசிரியர்களே, மரபுத்தொடரை இலக்கண வகுப்பிலும் நடத்துங்கள். எந்த உருபு ஏறும், எது ஏறாது என்று பிள்ளைகளையே சொல்லிப் பார்க்கவிடுங்கள்.