புகையும் பாகும்

விஸ்கியைப் பற்றிக் குடும்பப் பகுதியில் எழுதுவதா என்று நேயர்களுட் சிலர் முகஞ் சுளிக்கக்கூடும். மாணவர் இதிற் பருக வேண்டியது ஒன்றுமில்லை. அறிய வேண்டியது சிறிது உண்டு.

ஸ்கொத்லாந்தின் மேற்குக் கரைக்கு அப்பால் ஐலா என்றொரு தீவு உளது. மரம் அருகிய அத்தீவில் மக்கள் விறகுக்குப் பதிலாக எரித்து வந்தது சதுப்பு நிலத்து முற்றா நிலக்கரி. பாசியும் புல்லும் நீரில் அமிழ்ந்து, முற்றும் அழுகாது படிந்து உண்டாகும் இக்கரி, ஆண்டொன்றுக்கு ஏறத்தாழ 1 மில்லிமீற்றரே வளரும். இடுப்பளவு ஆழத்தில் வெட்டியெடுக்குங் கட்டி சுமார் ஆயிரம் ஆண்டுப் பழமையது. சதுப்பு வற்றினாலோ அதிற் சிறைப்பட்டிருந்த காபன், காபனீரொட்சைட்டாக வளியிற் கலக்கும். ஒரு கிண்ண மதுவுக்கு இஃது அற்ப விலையன்று.

முளைகட்டிய வாற்கோதுமையை உலர்த்த இக்கரியை எரிக்குங்கால், ஈரம் மாறாத தானியத்தின் உமியிற் புகை பற்றிக்கொள்கிறது. அப்புகைக்கு மணந் தருபவை பீனோல் இனத்துப் பொருள்கள். 1865ஆம் ஆண்டிலே கிளாஸ்கோ நகரில் யோசேப்பு லிஸ்டர் காயங்களுக்கு இட்ட காபோலிக் அமிலமும் பீனோலே. இம்மதுவை முகர்ந்தோர் பலர் "ஆஸ்பத்திரி மணம்" என்று மூக்கைப் பொத்துவர். அவர்களை நாம் குறை கூறோம்.

ஒரே வடிசாலையில், முளைகட்டிய வாற்கோதுமை மட்டுங் கொண்டு செப்புக் கலங்களில் வடித்ததே 'சிங்கிள் மோல்ற்'. அது ஓக் மரப் பீப்பாயிற் குறைந்தது 3 ஆண்டு கிடத்தல் வேண்டும். அண்மைக்கால வழக்கம் யாதெனில், பல ஆண்டு கிடந்த மதுவைக் கடைசிச் சில மாதங்கள் வேறு மது இருந்த பீப்பாய்க்கு மாற்றுவது. 1980களில் பல்வேனி வடிசாலையின் டேவிட் ஸ்டூவர்ட் இதனைப் பரவச் செய்தவர்களுள் முதன்மையானவர். கரும்புப் பாகிலிருந்து வடித்த றம் இருந்த பீப்பாயும் இவ்வாறே பயன்படுகிறது.

அத்தகைய ஒன்றை நாம் சுவைத்துப் பார்த்தோம். முதலில் நாசியில் எழுந்தது ஈரவிறகுப் புகை. பின்னர் கடலோர உப்பு. நாவிற் பட்டதும் பாகின் இனிப்பு, கனிந்த வாழைப்பழம். சில துளி நீர் சேர்த்தபோது இனிப்பு விரிந்தது. ஆயினும் தொண்டையில் இறுதிவரை நின்றது சாம்பலே. அவ்வாறு நிற்பதுதான் முறை என்பது நம் கருத்து.

விஸ்கியில் நீரும், நிறத்துக்குக் கருக்கிய சீனியும் தவிரப் பிறிதொன்றுஞ் சேர்த்தலாகாது என்பது அந்நாட்டுச் சட்டம். ஒரு கரண்டி றம் ஊற்றினாலுங் குற்றம். பலகையில் ஊறிய றம் கசிந்து கலந்தாற் கைத்திறன்! இளமதுவின் முரட்டுத்தனத்தை இவ்வினிப்பாற் போர்த்துவோரும் உளர். போத்தலிற் குறித்த ஆண்டுக் கணக்கு, மது எல்லாப் பீப்பாய்களிலுங் கழித்த காலத்தின் கூட்டேயாகும். அதில் றம் பீப்பாய்க்கு உரியவை எத்தனை மாதங்கள் என்று அச்சிட வேண்டிய கட்டாயம் எவருக்கும் இல்லை.