ஆர்டர் என்றால் கட்டளை அல்ல

கப்பல் தாமதமானால் கடையில் சரக்கு தீர்ந்துவிடும். அதனால் கூடுதலாக வாங்கி அடுக்க வேண்டும். அதற்குக் கூடுதல் பணம் முடங்கும். அந்தமானில் மளிகைக் கடை வைத்திருக்கும் எந்தத் தமிழருக்கும் இது தெரியும். அவருடைய மகள் பன்னிரண்டாம் வகுப்பில் வணிகப் பிரிவு எடுத்திருந்தால், இதே சங்கதியை அவள் ‘ஒர்க்கிங் கேப்பிடல்’ என்ற தலைப்பில் ஆங்கிலத்தில் படிக்கிறாள். சரக்கு வந்து சேர நாளானால் நடைமுறை மூலதனம் அதிகம் தேவை என்கிறது பாடநூல். அப்பாவுக்குத் தெரிந்தது மகளுடைய புத்தகத்தில் இருக்கிறது. ஆனால் இருவரும் ஒரே விஷயத்தைத்தான் பேசுகிறார்கள் என்பது பெரும்பாலும் இருவருக்கும் தெரிவதில்லை.

ஸ்ரீ விஜயபுரத்தின் (2024 செப்டம்பர் வரை போர்ட் பிளேர்) ஓரத்தில், காராச்சரமா பக்கம் இருக்கிறது பத்துபஸ்தி. தமிழ், வங்காளம், தெலுங்கு, இந்தி என்று ஒரே தெருவில் நாலு மொழி கேட்கும் ஊர்ப்புறம். 2011 கணக்கெடுப்பின்படி இந்தத் தீவுகளில் தமிழைத் தாய்மொழியாகக் கொண்டவர்கள் சுமார் 15 சதவீதம். பள்ளிகள் மத்திய இடைநிலைக் கல்வி வாரியத்தின் (சி.பி.எஸ்.இ.) பாடத்திட்டத்தைப் பின்பற்றுகின்றன. வாரியத்தின் பிஸினஸ் ஸ்டடீஸ் வினாத்தாள் ஆங்கிலத்திலும் இந்தியிலும்தான் அச்சாகிறது. வீட்டில் தமிழில் யோசிக்கும் பிள்ளைக்கு நடுவில் ஒரு கடல் இருக்கிறது.

இதைக் கடக்கப் பெரும்பாலோர் பிடிக்கும் வழி மனப்பாடம். ஹென்றி ஃபயோலின் 14 கோட்பாடுகளையும் வரிசை மாறாமல் ஒப்பிப்பார்கள். ஆனால் வினாத்தாள் இப்போதெல்லாம் பட்டியலை அவ்வளவாகக் கேட்பதில்லை. ஒரு கம்பெனியின் கதையைப் பத்து வரியில் சொல்லிவிட்டு, ‘இதில் எந்தக் கோட்பாடு மீறப்பட்டது? அதைக் காட்டும் வரியை எடுத்து எழுதுக’ என்கிறது. பெயர் தெரிந்து பொருள் தெரியாதவர் அங்கே நின்றுவிடுகிறார். பொருள் தெரிந்து பெயர் தெரியாதவரும் நின்றுவிடுகிறார்.

இடறும் சொற்கள் பெரும்பாலும் கடினமானவை அல்ல, தெரிந்த சொற்கள்தான். ‘ஆர்டர்’ என்பது ஃபயோலின் கோட்பாடுகளில் ஒன்று. தமிழ்ப் பேச்சில் ஆர்டர் என்றால் சரக்குக்குச் சொல்வது அல்லது மேலதிகாரி போடும் கட்டளை. ஃபயோல் சொல்வது இரண்டும் அல்ல. ஒவ்வொரு பொருளுக்கும் ஆளுக்கும் உரிய இடம், அந்த இடத்தில் அது. தமிழில் ‘ஒழுங்கு’ என்று ஒரு தடவை மனதில் எழுதிக்கொண்டால் குழப்பம் தீர்ந்தது.

‘ஈக்விட்டி’ இன்னும் மோசம். முதல் புத்தகத்தில் அது ஊழியர்களைப் பாரபட்சமில்லாமல் நடத்துவது. இரண்டாம் புத்தகத்தில், நிதி மேலாண்மைப் பாடத்தில், அதே சொல் பங்குதாரர்களின் முதலீடு. ஆங்கிலத்தில் ஒரே சொல். தமிழில் ‘சமநீதி’ வேறு, ‘பங்கு முதல்’ வேறு. இங்கே தாய்மொழி தடை அல்ல, ஆங்கிலம் சேர்த்துக் கட்டியதைப் பிரித்துக் காட்டும் கருவி. ‘செல்லிங்’ என்பதும் ‘மார்க்கெட்டிங்’ என்பதும் ஒன்றென்று நினைப்பவர், ‘விற்பனை’, ‘சந்தைப்படுத்துதல்’ என்று பக்கத்தில் எழுதிப் பார்க்கலாம். இருக்கும் சரக்கைத் தள்ளுவது ஒன்று. வாங்குபவருக்கு என்ன வேண்டும் என்பதிலிருந்து தொடங்குவது மற்றொன்று.

மாணவர்கள் ஆண்டுதோறும் மாற்றி எழுதும் ஜோடி, ‘யூனிட்டி ஆஃப் கமாண்ட்’டும் ‘யூனிட்டி ஆஃப் டைரக்‌ஷ’னும். கடைப்பையனை அண்ணன் கிடங்குக்கு அனுப்புகிறார். அதே நேரத்தில் தம்பி வசூலுக்குப் போகச் சொல்கிறார். பையன் யார் பேச்சைக் கேட்பது? ஒருவருக்கு ஒரே மேலாளர் என்ற முதல் கோட்பாடு இங்கே உடைகிறது. மளிகைக்கு ஒரு பொறுப்பாளர், ஒரு திட்டம். துணிக்கு வேறு பொறுப்பாளர், வேறு திட்டம் என்று பிரித்து வைத்தால் அது இரண்டாவது. முன்னது ஆளைப் பற்றியது, பின்னது வேலையைப் பற்றியது. குடும்பக் கடையில் வளர்ந்த பிள்ளைக்கு இதைச் சொல்லிக்கொடுக்க ட்யூஷன் மாஸ்டர் வேண்டாம்.

இன்னொரு விஷயம். இந்தப் பாடமே மொழிபெயர்ப்பில் பிறந்தது. ஃபயோல் பிரெஞ்சுக்காரர், சுரங்கப் பொறியாளர். 1916இல் அவர் எழுதியது பிரெஞ்சில். உலகம் பரவலாகப் படித்த ஆங்கில வடிவம் 1949இல் வந்தது. அவர் ‘அட்மினிஸ்ட்ரேஷன்’ என்று வைத்த தலைப்பு அதில் ‘மேனேஜ்மென்ட்’ ஆனது. தமிழில் ‘நிர்வாகமா, மேலாண்மையா’ என்று நடக்கும் தகராறு ஐரோப்பாவிலேயே தொடங்கிவிட்டது. அவர் சொன்ன ‘எஸ்ப்ரி டி கோர்’ என்ற கூட்டுணர்வை ஆங்கிலம் மொழிபெயர்க்காமல் அப்படியே வைத்துக்கொண்டது. அவசரத்தில் ஒரே நிலையில் உள்ள இருவர் மேலதிகாரிகளைச் சுற்றாமல் நேராகப் பேசிக்கொள்ள அவர் சொன்ன வழியை ஆங்கிலத்தில் ‘கேங் பிளாங்க்’ என்கிறார்கள். கப்பலிலிருந்து கரையில் இறங்கப் போடும் பலகை அது. இந்தச் சொல்லுக்குச் சமவெளிப் பிள்ளைகளுக்குப் படம் வரைந்து காட்ட வேண்டும். ஜெட்டி பார்த்து வளர்ந்த பிள்ளைக்கு வேண்டியதில்லை.

ஆகவே செய்ய வேண்டியது எளிது. தமிழ்நாடு அரசின் பன்னிரண்டாம் வகுப்பு வணிகவியல் நூல் தமிழில் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. திட்டமிடுதல், பணியமர்த்துதல், இயக்குவித்தல், கட்டுப்படுத்துதல் என்று மேலாண்மைப் பணிகளுக்கு அதில் தமிழ்ச் சொற்கள் இருக்கின்றன. பாடத்திட்டம் வேறு என்பதால் அதைப் பரீட்சைக்குப் படிக்கக் கூடாது, அகராதியாக வைத்துக்கொள்ளலாம். ஒரு நோட்டில் மூன்று பத்தி: ஆங்கிலச் சொல், தமிழ்ச் சொல், தெருவில் பார்த்த ஓர் உதாரணம். மூன்றாவது பத்தி காலியாக இருந்தால் அந்தப் பாடம் இன்னும் படித்தாகவில்லை. 2020 ஆகஸ்டில் சென்னையிலிருந்து கடலடிக் கண்ணாடி இழைக் கேபிள் வந்த பிறகு, இங்கே வீடியோ பாடம் பார்ப்பதும் பழைய வினாத்தாள் இறக்குவதும் முன்பு போல் தவமல்ல. அந்தக் கேபிளே ‘வணிகச் சூழல்’ பாடத்தில் தொழில்நுட்பக் காரணிக்கு நல்ல உதாரணம்.

மதிப்பெண் கணக்கையும் தெரிந்துகொள்வது நல்லது. எழுத்துத் தேர்வு 80, செயல்திட்டம் 20. எண்பதில் மேலாண்மைப் பகுதிக்கு 50; நிதிக்கும் சந்தைப்படுத்துதலுக்கும் சேர்த்து 30. வாரியத்தின் அண்மைக்கால மாதிரியில் 34 கேள்விகள். அவற்றில் இருபது, ஒரு மதிப்பெண் கேள்விகள். மூன்று மணி நேரத்துக்கு முன்பு படித்துப் பார்க்கப் பதினைந்து நிமிடம் தருகிறார்கள். அதில் கதையைப் படிக்கும் முன் கதைக்குக் கீழே உள்ள கேள்வியைப் படிப்பவர் பாதி வேலையை முடித்துவிடுகிறார்.

செயல்திட்டத்தின் 20 மதிப்பெண்ணை இணையத்திலிருந்து நகலெடுத்து வீணாக்குபவர்கள் அதிகம். கோட்பாடுகள் ஒரு நிறுவனத்தில் எப்படி நடைமுறையாகின்றன என்று நேரில் பார்த்து எழுதுவது அனுமதிக்கப்பட்ட தலைப்புகளில் ஒன்று. கடை முதலாளி வீட்டிலேயே இருக்கும்போது அயல்நாட்டு உணவகத்தைப் பற்றி எழுதுவானேன்?

ஓர் எச்சரிக்கை. அக்கா படித்த புத்தகத்தைத் தங்கை படிப்பது நம் வீடுகளில் வழக்கம். இந்தப் பாடத்தில் அது ஆபத்து. 1986ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் இடத்தில் 2019ஆம் ஆண்டுச் சட்டம் வந்து, 2020 ஜூலையில் நடைமுறைக்கு வந்தது. மாவட்ட அளவில் புகார் கொடுக்கக்கூடிய உச்சவரம்பு பழைய சட்டத்தில் 20 லட்சம் ரூபாய். புதிய சட்டத்தில் ஒரு கோடி. 2021 டிசம்பர் விதிகளின்படி 50 லட்சம். அச்சான ஆண்டைப் பொறுத்து ஒவ்வொரு கைடும் ஒன்று சொல்லும். முதல் பக்கத்தில் ஆண்டைப் பார்த்துவிட்டு, எந்தத் தொகையை எழுதுவது என்று ஆசிரியரிடம் கேட்டுவிடுவது உத்தமம்.

பரீட்சை முடிந்ததும் கோட்பாடுகளின் வரிசை மறந்துபோகும். போகட்டும். சரக்கு ஏன் தேங்குகிறது, பையன் ஏன் முழிக்கிறான் என்று அப்பாவிடம் தமிழில் சொல்லத் தெரிந்த மகள், அதையே ஆங்கிலத்தில் வங்கி மேலாளரிடம் சொல்லிக் கடனும் வாங்கிவிடுவாள். தேர்வுத்தாள் திருத்துகிறவருக்கு அது தெரியப்போவதில்லை. கடைக்குத் தெரியும்.